டவுன்லோட் செய்த வீடியோ வீட்டு டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிரச்சினை இது. இணையத்திலிருந்து ஒரு வீடியோ பைலை டவுன்லோட் செய்கிறோம். கம்ப்யூட்டரில் அது அருமையாக ஓடுகிறது. அதனை ஒரு காலி டிவிடியில் எழுதி வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால், சிறிது நேரம் சுற்றிவிட்டு "டிஸ்க் எர்ரர்" என்கிறது. சாப்ட்வேர் இஞ்சினியராக வேலை பார்க்கும் எனக்கே இது நடந்தது. அதுவும் உறவினர் எல்லாம் கூடியிருந்த நேரத்தில்!

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவக் குப்பங்களில் ஒன்று. சென்ற ஆண்டு என் தாத்தா காலமானார். அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கல்லூரி மாணவர் ஒருவர் தம் புராஜெக்டுக்காக அவரிடம் பேசி, போனில் வீடியோ எடுத்திருந்தார். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை இறக்குவது என்று முறை வைக்கும் "பாடு" வழக்கத்தைப் பற்றித் தாத்தா விவரமாகப் பேசிய வீடியோ அது. மொத்தம் மூன்று பைல்கள், 48 நிமிடங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது எங்கள் போட்டோ ஆல்பங்கள் எல்லாம் போய்விட்டன. எனவே தாத்தா அசைந்து பேசும் காட்சி எங்களிடம் இது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போகும்போது, இந்த பைல்களை டிவிடியில் எழுதி எடுத்துச் சென்றேன். ஆயா வீட்டில் இருப்பது 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவி. அதனுடன் சித்தப்பா பொன்னேரியில் வாங்கிய டிவிடி பிளேயர். வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட் போன் சித்தப்பாவுடன் கடலுக்குப் போய்விடும். ஆயாவுக்குக் கையாளத் தெரிந்தது அந்த பிளேயரின் ரிமோட் மட்டுமே.

டிஸ்க் ஓடவில்லை. என் லேப்டாப்பில் போட்டேன், ஓடியது. ஆயா கேட்டார்: "இன்னாடா இது, உன் பொட்டியிலே ஓடுது, என் பொட்டியிலே ஏன் ஓடல?"

சரியான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

கூடை வேறு, மீன் வேறு

வீடியோ பைலின் பெயரில் கடைசியாக வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி போன்றவை அந்த பைலின் கூடையைத்தான் குறிக்கின்றன. மீன் கூடையை வெளியில் பார்த்து உள்ளே இருப்பது இறாலா, மடவையா, நண்டா என்று சொல்ல முடியாது அல்லவா? அதேபோல எம்பி4 என்னும் கூடைக்குள் வீடியோ பலவிதமாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கலாம். இவ்வாறு சுருக்கும், விரிக்கும் முறையைத்தான் கோடெக் என்கிறோம்.

உங்கள் பைலில் இருப்பது எந்த கோடெக் என்று அறிய, வி.எல்.சி. மீடியா பிளேயரில் அதனை ஓடவிடவும். டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் கோடெக்கின் பெயர், படத்தின் அகல உயரம், ஒரு நொடிக்கு எத்தனை பிரேம்கள் ஆகிய எல்லாம் இருக்கும். இன்றைய போன்களில் எடுக்கும் வீடியோவில் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்றே காட்டும்.

இங்கேதான் சிக்கல். டிவிடி பிளேயர்கள் 1996-ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. எச்.264 கோடெக் 2003-லும், எச்.265 கோடெக் 2013-லும் வந்தவை. டிவிடி வீடியோ என்ற முறை எம்பெக்-2 கோடெக்கை அடிப்படையாகக் கொண்டது. சாதாரண பிளேயருக்குள் இருக்கும் சிப் அதற்காகவே செய்யப்பட்டது. கம்ப்யூட்டரில் புதிய கோடெக் வேண்டும் என்றால் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்துவிடலாம். பிளேயரில் அது முடியாது.

நான் செய்த இரண்டு தவறுகள்

காலி டிவிடியை டிரைவில் போட்டவுடன் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். இந்த டிஸ்க்கை யுஎஸ்பி பிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, அல்லது சிடி/டிவிடி பிளேயருடனா என்று இரண்டு வழிகள் காட்டும். நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இவ்வகையில் எழுதிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்தான் படிக்கும்.

ஊரிலேயே அவசரமாக இரண்டாவது டிஸ்க் எழுதினேன். இம்முறை "டிவிடி பிளேயருடன்" என்ற வழி. அதுவும் ஓடவில்லை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். இந்த வழியிலும் விண்டோஸ் பைல்களை உள்ளது உள்ளபடி காப்பி செய்கிறதே தவிர, அவற்றை எம்பெக்-2 ஆக மாற்றுவதில்லை. சில பிளேயர்கள் இப்படி எழுதிய எம்பி3 பாடல்களையும் ஜேபெக் படங்களையும் காட்டும். எச்.264 வீடியோவைக் காட்டாது.

முறையான டிவிடி வீடியோ டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே வீடியோ_டிஎஸ் என்ற போல்டர் இருக்கும். அதனுள் விஓபி, ஐஎப்ஓ, பியுபி என்று முடியும் பைல்கள் இருக்கும். விஓபி பைல்களில் படமும் ஒலியும் இருக்கின்றன. எது எங்கே தொடங்குகிறது என்ற விவரம் ஐஎப்ஓ பைலில் இருக்கும். அதன் மறுபிரதிதான் பியுபி. பிளேயர் முதலில் தேடுவது இந்த போல்டரைத்தான்.

ஆக, வேலை மூன்று கட்டங்களாக நடக்க வேண்டும். வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்ற வேண்டும். அதனை வீடியோ_டிஎஸ் அமைப்பில் அடுக்க வேண்டும். பின்னர் டிஸ்க்கில் எழுத வேண்டும். நான் மூன்றாவதை மட்டும் செய்திருந்தேன்.

தொடங்கும் முன்

உங்கள் பிளேயரின் முன்புறம் யுஎஸ்பி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேனுவலில் எந்த வகை பைல்கள் ஓடும் என்று போட்டிருப்பார்கள். அந்த வகைக்கு மாற்றி ஒரு பென் டிரைவில் கொடுத்தால் டிஸ்க்கே தேவைப்படாது. பென் டிரைவ் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருப்பது நல்லது. அம்முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி பைலை வைக்க முடியாது. ஆயாவின் பிளேயரில் இந்தச் சாக்கெட் இல்லை.

அடுத்து, ஒரிஜினல் பைலை வாங்குங்கள். எனக்கு அந்த வீடியோ முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் தாத்தாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மாணவரிடம் கேட்டு, கூகுள் டிரைவில் போடச் சொல்லி, ஒரிஜினலை டவுன்லோட் செய்தேன். இழந்த தெளிவை எந்த சாப்ட்வேரும் முழுமையாகத் திருப்பித் தராது.

திரைப்படங்களை உரிமையில்லாத தளங்களிலிருந்து டவுன்லோட் செய்து டிஸ்க் போடுவது சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது நீங்கள் எடுத்த, அல்லது உங்களுக்கு அனுமதி உள்ள வீடியோக்களுக்கு மட்டும்.

டிவிடி தயாரிப்பது எப்படி?

டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் மேலே சொன்ன மூன்று வேலைகளையும் செய்கிறது. இதனை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடவும். இன்ஸ்டால் செய்யும்போது வேறு ஏதேனும் புரோகிராமைச் சேர்க்கவா என்று கேட்டால் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும்.

1. புரோகிராமைத் திறந்தவுடன் நியூ புராஜெக்ட் விண்டோ கிடைக்கும். டிஸ்க்கின் அளவு 4.7 ஜிபி என்று அமைக்கவும். வீடியோ பிட்ரேட்டை ஆட்டோ என்றே விட்டுவிடலாம்.

2. வீடியோ பார்மட் என்பதில் பால் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இந்தியத் தொலைக்காட்சிகள் இந்த முறையைச் சேர்ந்தவை. நொடிக்கு 25 பிரேம்கள், 720 x 576 புள்ளிகள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையைத் தேர்ந்தெடுத்தால் சில பழைய டிவிகளில் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது படம் உருளலாம்.

3. ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பது திரையின் அகல உயர விகிதம். ஆயா வீட்டில் உள்ளது போன்ற பழைய டியூப் டிவிக்கு 4:3. அகலத் திரை டிவிக்கு 16:9.

4. அடுத்து மெனு டெம்ப்ளேட் கேட்கும். எளிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய டியூப் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது மறைத்துவிடும். எனவே பட்டன்களைப் பெரிதாகவும் நடுப்பகுதியிலும் வையுங்கள்.

5. உங்கள் வீடியோ பைல்களை இழுத்து வந்து விண்டோவின் அடிப்பகுதியில் விடவும். வரிசையும் அங்கேயே மாற்றலாம்.

எங்கள் பைல்களில் ஒன்று போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. அது 4:3 திரையின் அகலத்தில் பாதிக்கும் குறைவான இடத்தில், இருபுறமும் கறுப்புப் பட்டையுடன்தான் வரும். அதனை இழுத்து நிரப்ப வேண்டாம், முகம் அகன்றுவிடும்.

6. பர்ன் பட்டனை அழுத்தவும். கிடைக்கும் விண்டோவில் நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல், ஐஎஸ்ஓ இமேஜ் உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரின் வேகத்தைப் பொறுத்து இதற்கு நேரம் பிடிக்கும்.

7. உருவான ஐஎஸ்ஓ பைலை வி.எல்.சி.யில் திறந்து பாருங்கள். மெனு வருகிறதா, ஒலியும் உதடும் ஒத்துப் போகின்றனவா என்று சோதியுங்கள். தவறு இருந்தால் இப்போதே திருத்தலாம், டிஸ்க் வீணாகாது.

8. சரியாக இருந்தால் ஐஎஸ்ஓ பைல் மீது ரைட் கிளிக் செய்து பர்ன் டிஸ்க் இமேஜ் என்பதில் கிளிக் செய்திடவும். எழுதி முடித்தபின் சரிபார்க்கும் வெரிபை வசதியில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும்.

எவ்வளவு நேரம் கொள்ளும்?

4.7 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 37,600 மெகாபிட் கொள்ளும். இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட். இது நல்ல தரம். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் நொடிக்கு 2.6 மெகாபிட் மட்டுமே கிடைக்கும். அலை, கூட்டம் போன்ற அசைவு நிறைந்த காட்சிகள் கலங்கலாகத் தெரியும். எனவே ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். டிஸ்க்கை விண்டோஸில் பார்க்கும்போது 4.37 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு.

டிஸ்க் வாங்கும்போது

புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் போதும். அதனை ஹப் வழியாக அல்லாமல் நேரடியாக லேப்டாப்பில் செருகவும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் வீண்.

பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வகை பாதுகாப்பானது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யு வகை ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும் என்பதால் சில பழைய பிளேயர்கள் அதனைப் படிப்பதில்லை. எழுதும் வேகத்தை மிகக் கூட்டாமல் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வைக்கவும்.

எங்களைப் போல உப்புக்காற்று வீசும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிடியில் ஒளியைப் பிரதிபலிக்கும் உலோகப் படலம் லேபிள் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. எனவே டிவிடி சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் ஓரம் வழியாக ஈரம் இறங்கலாம். டிவி மேல் திறந்து வைக்காமல் பெட்டியில் நிமிர்த்தி வைக்கவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. டிவிடியாக மாற்றியபின் ஒரிஜினல் பைலை அழித்துவிடாதீர்கள். போனில் எடுத்த வீடியோ 1920 x 1080 புள்ளிகள் கொண்டது என்றால், டிவிடியில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகள்தாம். டிவிடி பார்ப்பதற்கு, பாதுகாப்பதற்கு ஒரிஜினல். எங்கள் மூன்று பைல்களும் இப்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், கூகுள் டிரைவிலும் இருக்கின்றன. ஒரே இடத்தில் வைத்ததைத் தண்ணீர் எடுத்துப் போனதை நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

மூன்றாவது டிஸ்க்

சென்னைக்குத் திரும்பி, மேலே சொன்னபடி டிஸ்க் தயாரித்து, அடுத்த மாதம் எடுத்துச் சென்றேன். முந்தைய அவமானம் நினைவில் இருந்ததால் யாரையும் கூப்பிடவில்லை. ஆயாவே டிஸ்க்கைப் போட்டு ரிமோட்டை அழுத்தினார். மெனு வந்தது. மீண்டும் அழுத்தினார். தாத்தா பேசத் தொடங்கினார்.

ஆயா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தாத்தா முறை வரும் நாளைச் சொன்ன இடத்தில், "தப்பா சொல்றார் பாரு. அன்னிக்கு நம்ம முறை இல்ல" என்றார். ரிமோட்டில் பின்னால் தள்ளி, அதே இடத்தை இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் பக்கம் வராத பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பழகிய பெட்டி எது என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கை அந்தப் பெட்டிக்கு ஏற்றபடி தயாரித்து, அதே பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் கையில் கொடுங்கள்.