திருகோணமலையில் குடியிருக்க இடம் தேடுவோர் கவனத்துக்கு

திருகோணமலையில் வீடோ காணியோ தேடும் ஒருவர் கேட்கும் கேள்விகள் வழமையானவை. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வி சும்மா வந்ததல்ல. 1983 யூலையிலும் 2006 ஏப்ரலிலும் இந்த நகரத்தில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உவர்மலை, லிங்கநகர், பாலையூற்று, ஜமாலியா, அபயபுர என்று பெயரைச் சொன்னாலே ஊரவர் மனதில் ஒரு கணக்கு ஓடும். தம் சனம் இருக்கும் பக்கமாக வீடு பார்ப்பவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால், இங்கே மக்களின் வாழ்விடத்தைப் பறித்ததில் கலவரத்துக்கும் போருக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு வர்த்தமானி அறிவித்தலுக்கும் உண்டு. ஆகவே அயல் யாருடையது என்று விசாரிக்கும் அதே அக்கறையோடு, காணி யாருடையது என்றும் விசாரிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்தாலும் பணம் கொடுத்த பிறகே செய்கிறார்கள்.

துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தையே பார்ப்போம். 1984இல் வந்த ஒரு வர்த்தமானி, துறைமுகத்தை அண்டிய ஆயிரக்கணக்கான ஏக்கர் காணியை இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கீழ்க் கொண்டுவந்தது. அந்த எல்லைக்குள் ஏற்கெனவே குடியிருப்புகள் இருந்தன, வயல்கள் இருந்தன. சீனக்குடாப் பக்கத்து முத்துநகர் விவசாயிகள், சூரிய மின்திட்டங்களுக்காகத் தங்கள் வயல்கள் எடுக்கப்படுவதை எதிர்த்து 2025இல் போராடியதன் வேர் அந்தப் பழைய அறிவித்தலில்தான் இருக்கிறது. விரிகுடாவின் மறுகரையில் சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்த மக்களின் ஊர் 2007இல் அதியுயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அதிலொரு பகுதி முதலீட்டு வலயமானது. 818 ஏக்கர் தொடர்பான அறிவித்தல் 2015 மே மாதத்தில்தான் இரத்தானது. கடற்படை முகாம் இருந்த காணி 2016 மார்ச்சில் கைக்கு வந்தது. இடையில் போனவை பத்து ஆண்டுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர்தான். அந்த விதி பிற்பாடு தளர்த்தப்பட்டது என்றாலும், அது நடைமுறையில் இருந்த மாதங்களில் வீடிழந்தவர்கள் கூடாரத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். சம்பூர்க்காரர் பலரிடம் உறுதி இருந்ததே, அது எதைத் தடுத்தது? எதையும் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் ஊர் திரும்பும் உரிமையை வாதாடிக் கேட்க ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி பத்திரம்தான். உறுதிக் காணியை அரசு எடுக்க விரும்பினால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். நட்டஈடு போதாதென்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். பத்திரமில்லாத அரச காணியில் இருப்பவருக்கு இந்தப் படிகளில் ஒன்றுமே கிடையாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீளப்பெறல் சட்டப்படி, 30 நாட்களுக்குக் குறையாத தவணையோடு வெளியேறும் அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம். இருபது வருடம் இருந்தேன், மா நட்டேன், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள் என்ற எதுவும் அந்த விசாரணையில் எடுபடாது.

மின்சாரம் தந்தார்களே, சோலைவரி வாங்குகிறார்களே, பிறகு எப்படி எழுப்புவார்கள் என்று கேட்பவர்கள் ஏராளம். தேர்தல் காலத்தில் வந்த அரசியல்வாதியும் பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மின்பட்டியல் மின்சாரம் பாவித்ததற்குச் சான்று. வரிச்சிட்டை வரி கட்டியதற்குச் சான்று. இரண்டும் காணி உரிமைக்குச் சான்றாகா. தனியார் காணியில் பத்து வருடம் தடையின்றி, எதிருரிமையோடு ஆண்டால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி உரிமை கோரலாம். அந்தப் பத்து வருடக் கணக்கை அரச காணிக்கும் பொருத்திப் பேசும் தரகர்களை நம்ப வேண்டாம். அரசுக்கு எதிராக அந்த விதி ஓடாது.

அனுமதிப்பத்திரக் காணி இன்னொரு வகை. ஊரில் 'பெர்மிட் காணி' என்பார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலாளர் கொடுப்பது இது. இதை வைத்திருப்பவர் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம், விற்க முடியாது. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் அளிப்புப் பத்திரம் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூல இணக்கமின்றிக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டப்படி வெறுமையானது. நகருக்கு வெளியே விலை மலிவாகக் காணி கிடைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வெள்ளைத் தாளில் 'விட்டுக்கொடுப்பு' எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்தும் வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கில் பணம் கொடுப்பார்கள். கொடுத்தவருக்குக் கையில் மிஞ்சுவது அந்தத் தாள் மட்டும். விற்றவரின் பின்னுரித்தாளர் பத்து வருடம் கழித்து வந்து நின்றால் பதில் சொல்ல வழியில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் பின்னுரித்தைச் சமமாக்கிவிட்டது. மூத்த மகனின் சம்மதத்தை மட்டும் வாங்கிவைத்த பழைய ஏற்பாடுகள் இனித் தாக்குப்பிடிக்கா.

உறுதிக் காணி என்றாலும் உறுதியைக் கையில் வாங்கி வாசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் நான்கு எல்லைகள் எழுதியிருக்கும். வடக்கு எல்லையில் 'முடிக்குரிய நிலம்' என்று கண்டால், அரச காணியோடு ஒட்டிய துண்டு அது; வேலி எத்தனை முறை நகர்ந்ததோ தெரியாது, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. உறுதியில் 20 பேர்ச் என்று இருந்து, தரையில் 26 பேர்ச் இருந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. மேலதிக ஆறும் யாருடையது என்ற வழக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அடுத்து காணிப் பதிவகம். காணிக்குரிய பதிவேட்டுத் தாளில் ஈடு, குத்தகை, வழக்கு எல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கும். முப்பது வருடத்துக்குக் குறையாமல் பின்னோக்கித் தேடும்படி சட்டத்தரணியைக் கேளுங்கள். 1927ஆம் ஆண்டின் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத உறுதியை, அதே காணிக்குப் பெறுமதி கொடுத்துப் பின்னர் வாங்கிப் பதிந்தவரின் உறுதி வெல்லும். அதனால் உறுதி முடித்த கையோடு பதிந்துவிட வேண்டும். போரில் மூல உறுதி எரிந்துபோனவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர்; அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டால், உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். விளக்கிச் சொல்வது நொத்தாரிசின் கடமை.

கடற்கரை ஆசை தனிக்கதை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் பணம் நிறையப் புழங்குகிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். களப்பும் ஆறும் கடலோடு சேரும் இடங்களில் அது உள்நோக்கி இன்னும் நீளும். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து விடுதிக்காரர் கட்டிவிட்டார் என்பது அனுமதியாகாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமையாளருக்கும், நெருங்கிய உறவினரின் முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. இதைச் சுற்றிப்போக மைத்துனர் பெயரிலோ சித்தப்பா பெயரிலோ வாங்கிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் மைத்துனரே சொந்தக்காரர். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது மெதுவான வழிதான், ஆனால் நேரான வழி. இங்கிருந்து வாங்குபவர் அற்றோணித் தத்துவத்தோடு விற்க வருபவரிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்துச் செய்துவிட்டாரா என்று அவரிடமே தொலைபேசியில் முகம் பார்த்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளமும் பத்திரத்தைப் போலவே இடத்துக்கு இடம் மாறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது மூதூர்ப் பக்கத்துக் கிராமங்கள் இரவோடு இரவாக வெளியேறின. கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் எந்த ஒழுங்கை வரை தண்ணீர் வந்தது என்று சொல்வார். காணி விற்பவர் சொல்லமாட்டார்.

இவ்வளவும் பார்ப்பதற்கு வசதியுள்ளவர்களால்தான் முடியும், ஏழைக்குத் தெரிவு எங்கே இருக்கிறது என்பது வலுவான மறுப்பு. சுத்தமான உறுதியுள்ள நகரக் காணியின் விலை கூலித் தொழிலாளிக்கோ மீனவருக்கோ எட்டாது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மலிவுக் காணியில் ஏமாறும்போது இழக்கப்படுவது அவர்களின் முழுச் சேமிப்பு. அதனால் அவர்களுக்குத்தான் இது மற்றவர்களைவிட அவசியம். அரச காணியில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள், அனுமதிப்பத்திரம் கோரிப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, திகதி முத்திரை பதித்த பிரதியை வைத்திருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை. வாடகைக்கு இருப்பதும் கேவலமல்ல. இரண்டு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்த்தால் அயலும் தெரியும், வெள்ளமும் தெரியும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்துவிட்டு வெறும் பற்றுச்சீட்டோடு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிகாரங்கள் இருக்கின்றன, மெதுவானவை, ஆனால் செலவு குறைந்தவை. காணி துறைமுக அதிகாரசபையினதா, வன அல்லது தொல்லியல் எல்லைக்குள் வருகிறதா, எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் உண்டா என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் திணைக்களத்திடமே எழுத்தில் கேட்கலாம். கேட்பது தமிழிலேயே போதும். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும் பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். வேலிச் சண்டைக்கு மத்தியஸ்த சபை, வழக்குப் பேச வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு, அரச அலுவலகம் ஆளுக்கொரு நீதி செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு. பேரம் பேசி முடித்த பிறகும் முற்பணத்தை அந்த 14 வேலை நாட்களும் பொறுத்துக் கொடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.