மோட்டார் சைக்கிளின் கிளச்சு ஸ்பிரிங்குகள்

நூல் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேட்டில் செல்லும்போது எஞ்சின் மட்டும் உரக்க இரைந்து, வண்டி வேகம் பிடிக்காமல் தயங்குவதை அங்கத்தினர்கள் சிலர் கண்டிருக்கலாம். இதனைக் 'கிளச்சு வழுக்குகிறது' என்பார்கள். என் வண்டிக்கு இவ்வாறு நேர்ந்தபோது, கிளச்சு முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு பட்டறையில் கூறினார்கள். பிரித்துப் பார்த்ததில் தட்டுகள் யாவும் நன்றாகவே இருந்தன. தளர்ந்திருந்தவை நான்கு சிறு ஸ்பிரிங்குகளே. கேட்கப்பட்ட தொகையில் அவற்றின் விலை மிகச் சிறு பகுதிதான்.

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளச்சு எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்கிறது. உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். முன்னது எஞ்சினோடும் பின்னது கியரோடும் சேர்ந்து சுழலும். இவ்வடுக்கை இறுக அழுத்திப் பிடிப்பவை ஸ்பிரிங்குகள். கைப்பிடியை இழுத்தால் அழுத்தம் நீங்கித் தட்டுகள் பிரிகின்றன.

நோய் ஸ்பிரிங்கில்தான் என்று முடிவு செய்யுமுன் வேறிரண்டைப் பார்த்தல் அவசியம். முதலாவது கேபிள். கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கவேண்டும். அது இல்லாவிடில், நாம் கை வைக்காதபோதும் கிளச்சு சிறிது இழுபட்டே நிற்கும். புது ஸ்பிரிங்கு போட்டும் பயனில்லை. இரண்டாவது எண்ணெய். கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்திருப்பதால், அவை இத்தகைய கிளச்சை வழுக்கச் செய்யும். 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறியுள்ள எண்ணெயே ஏற்றது.

இவை சரியாக இருப்பின், சமதளச் சாலையில் உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்று, திடீரென ஆக்ஸிலேட்டரைத் திருகுக. இரைச்சல் துள்ளி உயர்ந்தும் வேகம் கூடாவிடில் கிளச்சு வழுக்குகிறது என்பது உறுதி. கைப்பிடி வழக்கத்திற்கு மாறாக இலேசாகிவிட்டதும் ஸ்பிரிங்குத் தளர்ச்சிக்கு ஓர் அறிகுறி. 'கைக்கு இதமாக இருக்கிறது' என்று நம்மில் பலர் அதைக்கண்டு மகிழ்ந்துவிடுகிறோம்!

ஒரு ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் 36 மில்லிமீட்டர் என்றும், பூட்டியபின் அது 26 ஆக அமுங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அமுக்கம் 10 மில்லிமீட்டர். நாட்பட்ட உழைப்பாலும் சூட்டாலும் அதன் நீளம் 34 ஆகக் குறைந்தால் அமுக்கம் 8 தான். அழுத்த விசையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இத்துடன் ஐந்து உராய்வுத் தட்டுகள் ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், ஸ்பிரிங்கு மேலும் அரை மில்லிமீட்டர் விரிந்து நிற்கும். இழப்பு நூற்றுக்கு 25 ஆகிவிடும். வழுக்கினால் சூடு பிறக்கும். சூட்டினால் ஸ்பிரிங்கு மேலும் தளரும். பாதிக் கிளச்சிலேயே வண்டியை ஓட்டும் பழக்கமும் இச்சூட்டையே வளர்க்கிறது.

மாற்றும் வேலையை எஞ்சின் ஆறியபின் தொடங்குக. எண்ணெயை வடித்து, கேபிளைத் தளர்த்தி, கிளச்சு மூடியைக் கழற்றவேண்டும். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் மூடியின் உருவை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுப் போல்ட்டுகளைச் செருகி வைத்தால் பின்னர் குழப்பம் நேராது. ஸ்பிரிங்குப் போல்ட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றிப் பின் அடுத்ததற்குச் செல்லலாகாது. எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. எடுத்த ஸ்பிரிங்குகளை வெர்னியரால் அளந்து, வண்டியின் கையேட்டில் கண்ட குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிடுக. ஒன்று குறைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையேல் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாயும்.

திறந்தது திறந்தோம், தட்டுகளையும் பார்த்துவிடுக. உராய்வுத் தட்டின் கனத்தை அளக்கவும். எஃகுத் தட்டு நீலம் பாய்ந்திருந்தால் கருகியது என்று பொருள். கண்ணாடிமேல் வைத்து ஆடுகிறதா என்றும் பார்க்கவும். புதிய உராய்வுத் தட்டை எண்ணெயில் ஊறவைத்த பின்னரே பூட்டவேண்டும்.

பழைய ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் கொடுத்துச் சமாளிப்போர் உண்டு. இதை நான் ஒப்பமாட்டேன். கைப்பிடியை இழுக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தட்டுகள் முழுதும் பிரியாமற் போகக்கூடும். போல்ட்டை மேலும் முறுக்கிப் பார்ப்பதும் வீண். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் நட்டைத் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம். இன்றைய வண்டிகளிலோ போல்ட்டு அடியில் முட்டியபின் அழுத்தம் கூடாது, அலுமினியத் தண்டுதான் முறியும். எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்குக.

பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துப் புதியது வைத்து மூடி, எண்ணெய் ஊற்றி, கேபிள் தளர்வைச் சரிசெய்க. முன்பு சோதித்த அதே சாலையில், முதலில் வெறும் வண்டியாகவும் பின்னர் பாரத்தோடும் ஓட்டிப் பார்க்கவேண்டும். சில நாட்கள் கழித்துக் கேபிளின் தளர்வை மறுமுறையும் அளந்துகொள்க.