மகிழ்ச்சி கூடுமா?

"ஆண்டவரை நம்புகிறேன். ஆனால் சிடுசிடுப்பு என் பிறவிக் குணம். இனிமேலாவது மகிழ்ச்சி கூடுமா?" கேமரன் மலை, தானா ராத்தாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

'பத்தே நாளில் ஆனந்தம்' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் லிக்கனும் டெலிகனும் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். மகிழ்ச்சி பெரிதும் பிறவியில் அமைவது என்று கண்டு, அதைக் கூட்டப் பார்ப்பது உயரத்தைக் கூட்டப் பார்ப்பது போல வீணாகலாம் என்று எழுதினார்கள். பின்னாளில் லிக்கனே அதை மறுத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

உயரம் என்றால் தேயிலையைப் பாருங்கள். விட்டால் மரமாகிவிடும். கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் கீழிறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அவை விழித்துக்கொள்கின்றன. செடி உயராது, அகலும். கொழுந்து பெருகும். உங்கள் மலையில் 1929இல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளில் செடியோடு செடி நெருங்கி நிற்பதால், களைக்கு வெளிச்சமே கிடைப்பதில்லை.

பிறவிக் குணம் உயரம் என்றால், பக்கக் கிளை எது? லிம், புட்னம் இருவரும் அமெரிக்கர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. வாரந்தோறும் ஆலயம் போகிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி அதிகம். ஆனால் அந்தச் சபையில் நெருங்கிய நண்பர் இருந்தால்தான். தனியே வந்து தனியே திரும்புகிறவருக்கு அந்தப் பலன் இல்லை. வெளி நண்பர்கள் மட்டும் அதை ஈடுகட்டவில்லை. நம் சபைகளில் பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை உறை போடுவோமே, அதை ஐயர் வாசித்ததும் நாலு பேர் வந்து கைகொடுப்பார்களே, களையாகிய தனிமைக்கு வெளிச்சம் மறைவது அங்கேதான்.

சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுல், மனநிறைவைக் கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார். எப்பாப்பிரோதீத்து கையில் அவர்கள் அனுப்பிய உதவியைச் சொல்லி மகிழ்வதும் அதே கடிதத்தில்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது: சூழ்நிலையும் மகிழ்ச்சியைக் குறைக்கும். ஜெர்மனியில் வேலை இழந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வில், மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய திருப்தி முழுதாகத் திரும்பவில்லை. கூலி போதாத தொழிலாளிக்கு முதலில் வேண்டியது கூலி, பிரசங்கம் அல்ல.

கூடும், அம்மா. மெதுவாக, ஓரளவுக்கு. உங்கள் சபையில் கடைசி வரிசையில் தனியாக உட்காருகிறவர் யார்? வரும் ஞாயிறு அவரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்.