சொல்லித்தராத மொழிக்கு ஒரு சோதனை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், கணிதம் படிக்கிறவரும் வேற்றுமொழி ஒன்றில் தேர்ச்சி காட்டினால்தான் பட்டம். பிரெஞ்சுக்கு வகுப்பு இருக்கும், ஜப்பானியத்துக்கு இருக்கும். தமிழுக்குப் பெரும்பாலும் இருக்காது. அம்மம்மாவோடு தமிழிலேயே கதைத்து வளர்ந்த பிள்ளை என்ன செய்வது?

சில இடங்களில் வெளித்தேர்வை ஏற்கிறார்கள். ‘ஆக்ட்ஃபல்’ என்ற அமெரிக்க மொழியாசிரியர் சங்கம் நடத்தும் வாய்மொழித் தேர்வில் தமிழும் உண்டு. தேர்வாளர் தொலைபேசியில் பேச்சுக் கொடுப்பார். ஏறக்குறைய அரைமணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இலக்கணச் சூத்திரம் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள், நேற்று நடந்ததை விவரியுங்கள், இந்தச் சிக்கலுக்கு என்ன செய்வீர்கள் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார்கள்.

மொழித்தேர்ச்சியைக் கேட்பது ஓரிடம், மொழியைக் கற்பது வேறிடம் என்ற இந்தச் சிக்கல், ஏறக்குறைய 470 ஆண்டுகளுக்கு முன்பே மன்னார்க் கடலின் இரு கரைகளும் கண்டதுதான்.

ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கேயர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தவர். யூத வழிவந்தவர் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. 1545-இல் இயேசு சபை சேர்த்துக்கொண்டது. எந்த நாட்டில் பணியாற்றுகிறார்களோ அந்த நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி. ஆனால் தமிழுக்கு ஐரோப்பாவில் எங்கே வகுப்பு? 1312-இல் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், பாரிஸ், ஒக்ஸ்போர்ட், பொலோனியா, சலமான்கா பல்கலைக்கழகங்களில் எபிரேயமும் அரபும் கல்தேயமும் கற்பிக்கச் சொல்லியிருந்தது. அதுவே பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டது. தமிழைப் பற்றி எவரும் நினைத்ததுகூட இல்லை.

1547-இல் தமிழகக் கரையின் முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றிக்கஸுக்கு அங்கே வாழ்ந்த கடலோடிகளான பரதவர்தான் வாத்தியார்கள். முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தடுமாறினார். 1548-இல் வேம்பாரிலிருந்து எழுதிய கடிதத்தில், இனி மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டதைச் சொல்கிறார். பாதிரிமார் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று ஓர் ஏற்பாடும் செய்தார்! பாடசாலையில் தமிழ் பேசினால் அபராதம் என்ற கதையையே கேட்டுப் பழகிய நமக்கு இது தலைகீழ் வேடிக்கை.

1549 அளவில் அவர் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஜோவாவ் டி பாரோஸ் எழுதிய போர்த்துக்கேய இலக்கணமும் லத்தீன் இலக்கண மரபும்தான் கையில் இருந்த அளவுகோல்கள். அந்த அளவுகோலுக்குத் தமிழ் முழுதாக அடங்கவில்லை. ஆனால் அவர் எழுதிய இலக்கணத்தின் அருமை வேறிடத்தில் இருக்கிறது: பண்டிதர் நடையை விட்டுவிட்டு, கரையில் வாழ்ந்தவர்கள் பேசிய தமிழை அது பிடித்து வைத்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழுக்கு இப்படியொரு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

1560-இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். படையெடுப்புகளால் அல்லற்பட்ட, முத்துக்குளித்துறையின் புன்னைக்காயல் ஊர்ப் பரதவரில் ஒரு பகுதியினர் அங்கே குடியேற்றப்பட்டனர். ஹென்றிக்கஸும் கூடவே வந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1544-இல், ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றிருந்தான். அந்த நினைவு ஆறாத மண்ணில் இருந்தபடி ஹென்றிக்கஸ் கண்ட கனவு, தமிழ் கற்பிக்க ஓர் உயர்கல்வி நிலையம். மன்னாரிலோ புன்னைக்காயலிலோ அதை அமைக்கலாம் என்பது அவருடைய யோசனை. பாடம் கரையை விட்டுப் போக வேண்டியதில்லை, படிக்கிறவர் கரைக்கு வரட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. மன்னாரில் அது எழும்பவில்லை.

எழும்பியது அச்சுக்கூடம், அதுவும் வேறு ஊரில். அவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சமயக் கையேடு 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. வெறும் 16 பக்கம்.

இன்று படிக்கிறவர் கரைக்கும் வர வேண்டியதில்லை, பாடம் காணொளியில் பயணம் செய்கிறது. கொலம்பியா, கோர்னெல், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் மாணவர் குறைவான மொழிகளைப் பங்கிட்டுக் கற்பிக்கின்றன. கோர்னெலின் சிங்கள வகுப்பில் மற்ற இரண்டு இடத்து மாணவர்களும் அமரலாம்; கொலம்பியாவின் தமிழும் அப்படியே பிற வளாகங்களுக்குப் போகிறது. இலங்கையின் இரண்டு மொழிகளும் நியூயோர்க் மாநிலத்தில் இப்படிக் கொடுத்து வாங்கிக்கொள்வதைப் பார்க்க, மன்னாரில் இருப்பவருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரலாம்.

ஹென்றிக்கஸ் 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அவருடைய இலக்கணக் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது. ஜீன் ஹெயினும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்க்க, 2013-இல் ஹாவர்ட் கீழைத்தேய நூல்வரிசையில் அது வெளியானது. ‘தம்பிரான் வணக்கம்’ பிரதி ஒன்றும் ஹாவர்ட் நூலகத்தில்தான் உள்ளது.