தறிகெட்டது யார்?

‘தறிகெட்டு ஓடிய கார் மோதி’ என்று தொடங்கும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். தறி என்றால் கட்டுத்தறி. யானையையும் மாட்டையும் பிணைக்கிற கம்பம். பிணைப்பை அறுத்துக்கொண்டு ஓடும் விலங்கு யாரை மிதிக்கும் என்று அதற்கே தெரியாது. அந்த அச்சம் இன்னமும் இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் விலங்குக்குப் பொருந்துவது காருக்குப் பொருந்தாது. வண்டியில் பழுது இருந்தாலொழிய, தறிகெட்டவர் ஓட்டியவர்தான். செய்தியிலோ குற்றம் வண்டியின் மேல் ஏறிக்கொள்ள, ஆள் நழுவிவிடுகிறார்.

மயிலாப்பூருக்கு இது வெறும் இலக்கணப் பேச்சல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே நீளும் காமராஜர் சாலை இரவில் காலியானால் பைக் ரேஸுக்கு ஆள் சேர்ந்துவிடும். புத்தாண்டு இரவில் விபத்துக்கு அஞ்சி மேம்பாலங்களையே போலீசார் மூடிவைக்கும் நகரம் இது. நொச்சிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கடலுக்குக் கிளம்பும் மீனவரும், மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போடும் பெண்ணும் இந்தப் பந்தயத்தில் சேரவில்லை. ஆனாலும் அடிபடக்கூடியவர்கள் அவர்கள்தான்.

வள்ளுவர் பிறந்த ஊர் மயிலாப்பூர் என்பது நெடுநாள் வழக்கு; இங்கே அவருக்குக் கோயிலும் உண்டு. அடக்கமுடைமை அதிகாரத்தில் அவர் ஆமையைக் காட்டுகிறார். அதை யாரும் கட்டிப்போடுவதில்லை. வேண்டிய நேரத்தில் தானே ஒடுங்கிக்கொள்கிறது. மனிதனுக்குத் தறி அவனுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்தச் சொல் யார்மேல் விழுகிறது? தன் விருப்பப்படி மணந்துகொண்ட பெண்ணின் மேல். “தறிகெட்டுப் போயிட்டா” என்கிறோம். அவளால் எவர் உயிருக்கும் கேடில்லை. பதினாறு வயதுப் பையன் பைக்கைச் சீறவிட்டால் மட்டும் “வயசு அப்படி” என்று சிரிக்கிறோம். இது பெரிய அநியாயம். அடுத்தவர் உயிரைப் பொருட்படுத்தாதவரைச் சொல்லவே இச்சொல் வேண்டும்.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பெற்றோரே, இன்றிரவே அந்தச் சாவியை வாங்கி வையுங்கள்.