ஜெனரல் வீடு திரும்பிய பிறகு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாசிப்பில் ஊறிய மூத்தவர் ஒருவரிடம் வியட்நாமிய இலக்கியம் என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். முதலில் வருவது ஹோ சி மின்னின் பெயர்தான். இரண்டாவது பெயருக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பல வேளைகளில் அது வருவதே இல்லை.

இதற்கு வரலாறு உண்டு. 1946இல் கே. இராமநாதனுடன் சேர்ந்து கொழும்பிலிருந்து 'பாரதி' சஞ்சிகையை நடத்திய கே. கணேஷ்தான் ஹோ சி மின்னின் சிறைக் குறிப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முல்க் ராஜ் ஆனந்தையும் லூ சுன்னையும் ஈழத்து வாசகருக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1942, 43இல் தென்சீனத்துச் சிறைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுபட்டபடி ஹோ சி மின் எழுதிய சிறு கவிதைகளே அந்தச் சிறைக் குறிப்புகள். எழுதியது பழைய சீன மொழியில். வியட்நாமிய மொழியில் நூலாக வந்தது 1960இல்தான். கொழும்பு வாசகருக்கு அந்த விபரமெல்லாம் பொருட்டாக இருக்கவில்லை. அமெரிக்காவை எதிர்த்து நிற்கும் ஒரு சின்ன நாட்டின் தலைவர் கவிதையும் எழுதுவார் என்பதே போதுமாக இருந்தது. 1970இல் சிறிமாவோ அரசு ஹனோயுடன் இராஜதந்திர உறவு பூண்டபோது இங்குள்ள இடதுசாரிகளுக்கு அது சொந்த வெற்றி. இன்றைக்கும் கொழும்பு பொது நூலக வளவில் ஹோ சி மின் சிலையாக நிற்கிறார். 1911இல் கப்பல் வேலையாளாக இந்தத் துறைமுகத்தைக் கடந்து போனவர் என்ற உரிமையும் நமக்கு உண்டு.

பலஸ்தீனம் வேறு வழியால் வந்தது. எம். ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் தமிழருக்கு எதிரான 83 ஜூலை வன்முறை. வெள்ளவத்தையில் கடைகளும் வீடுகளும் எரிந்த பிறகு அந்தத் தொகுப்பைப் படித்தவருக்கு ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் அந்நியமாக இருந்தன. எண்பதுகளில் எழுதப்பட்ட ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளை எடுத்துப் பார்த்தால் அதன் தடம் தெரியும். துயரத்துக்குப் பலஸ்தீனம், வெற்றிக்கு வியட்நாம் என்று வாசகர் மனத்தில் ஒரு பங்கீடு நடந்துவிட்டது என்பது என் எண்ணம். வென்ற நாட்டுக்கும் துயரம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே 1975க்குப் பிறகு அந்த நாட்டில் எழுதப்பட்டவை இங்கே பரவலாகப் படிக்கப்படவில்லை.

நான் சொல்ல வருவது அந்தப் பிற்பகுதியைப் பற்றித்தான். 2009இல் இங்கே போர் முடிந்த பின் கொழும்பில் இருக்கும் தமிழ் வாசகருக்கு வேண்டிய வியட்நாம் அதுவே.

1986இல் வியட்நாம் 'தோய் மோய்' என்ற சீர்திருத்தப் பாதையில் இறங்கியது. மறுவருடம் 'வான் ங்ஹே' வார இதழில் ஙுயென் ஹுய் தியெப் என்ற, அதிகம் அறியப்படாத ஒருவரின் சிறுகதை வந்தது: 'ஓய்வுபெற்ற ஜெனரல்'. வாழ்நாள் முழுக்கப் படையில் இருந்த மனிதர் எழுபது வயதில் வீட்டுக்கு வருகிறார். கொண்டுவந்த இராணுவத் துணியை வேலைக்காரர் உட்பட ஆளுக்கு நாலு மீற்றர் வீதம் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறார். எல்லாரும் ஒரே சீருடை போட்டால் வீடு படைமுகாம் ஆகிவிடும் என்று மருமகள் சொல்லிவிடுகிறாள். அவள் மகப்பேற்று மருத்துவமனையில் டாக்டர். பக்கவருமானத்துக்கு நாய் வளர்க்கிறாள். கலைக்கப்பட்ட கருக்களை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து நாய்களுக்கு வேகவைத்துப் போடுவது அந்த வீட்டில் நடக்கும் வேலை. ஜெனரல் அதைக் கண்டு அழுகிறார். கதையைச் சொல்லும் மகனுக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டான். கடைசியில் ஜெனரல் தன் பழைய படைப்பிரிவைப் பார்க்கப் போன இடத்தில் இறந்துபோகிறார். கதை முழுக்கக் கட்டைக் கட்டையான வசனங்கள். யாரும் யாருக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை.

வாசகர்கள் வழங்கினார்கள். வியட்நாமில் நெடுங்காலமாக எந்தக் கதைக்கும் எழாத வாதம் இதற்கு எழுந்தது. நாட்டின் உண்மை நிலையைச் சொன்னவர் என்று ஒரு பக்கம், புரட்சியை இழிவுபடுத்தியவர் என்று மறுபக்கம். அடுத்த வருடம் அவர் வரலாற்றுக் கதைகளுக்குள் இறங்கினார். மக்கள் நாயகனாகப் போற்றும் மன்னர் குவாங் சுங்கை ஒரு கதையில் சாதாரண ஆசைகள் உள்ள மனிதராகக் காட்டியதும் கோபம் இன்னும் ஏறியது. 'பொன் நெருப்பு' என்ற மற்றொரு கதைக்கு மூன்று முடிவுகளை எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகரிடமே விட்டார். வரலாற்றுக்கு ஒரே முடிவுதான் என்று பாடசாலையில் படித்தவர்களுக்கு இதைவிடச் சீண்டல் வேறில்லை. இந்தக் கதைகளைத் துணிந்து வெளியிட்ட இதழாசிரியர் ஙுயென் ஙோக் 1988இன் இறுதியில் பதவி இழந்தார். தியெப்பின் கதைகளுக்கு வந்த விமர்சனங்களும் மறுப்புகளும் மட்டுமே 2001இல் தடித்த நூலாகத் தொகுக்கப்பட்டன. 2021 மார்ச்சில் அவர் காலமானார்.

அதே வருடம் ஜனவரியில் இங்கே டொமினிக் ஜீவா காலமானார். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையைப் போர்க்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்குக் கொண்டுவந்து 2012 வரை நடத்தியவர். அதில் வந்த 'தூண்டில்' பகுதியை நினைத்துக்கொள்கிறேன். வாசகர் கேட்பார், ஜீவா முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்வார். ஒரு கதை பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று தபாலட்டையில் எழுதும் வாசகர் நமக்கும் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி. நூலகம் நிறுவனம் அவற்றை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, விரும்பியவர் பார்க்கலாம்.

பாவோ நிங்கின் 'போரின் துயரம்' சிறுகதை இல்லைதான், ஆனால் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. பதினேழு வயதில் படையில் சேர்ந்து, ஐந்நூறு பேர் கொண்ட பிரிவில் மிஞ்சிய பத்துப் பேரில் ஒருவர் அவர். நாவலின் நாயகன் போர் முடிந்தபின் காட்டுக்குள் தோழர்களின் எலும்பு பொறுக்கும் குழுவில் வேலை செய்கிறான். 1991இல் எழுத்தாளர் சங்கப் பரிசு கிடைத்தது. பின்னாலேயே கண்டனமும் வந்தது. வெற்றியை ஏன் துயரம் என்கிறாய் என்பதே குற்றச்சாட்டின் சாரம். நாட்டுக்குள் மறுபதிப்பு நெடுநாள் வராமல் இருந்தபோது, ஆங்கிலப் பதிப்பின் நகலைத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

2016இல் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வந்தபோது நம்மிடையே நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். எழுதியவர் விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர்; புத்தகம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் புற்றுநோயால் இறந்தவர். துரோகம் என்றார்கள், துணிவு என்றார்கள், எழுதியது அவர்தானா என்றும் கேட்டார்கள். போராளியின் பேனா எதை எழுதலாம் என்பதில் வென்ற நாட்டு வாசகரும் தோற்ற தரப்பு வாசகரும் இவ்வளவு ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. பாவோ நிங்கின் நாயகன் எலும்பு தேடப் போவது அரசாங்கமே அனுப்பி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்த தாய்மாருக்கு அப்படி ஒரு குழு இல்லை.

தென்வியட்நாமில் தோற்ற தரப்பின் கதை பெரும்பாலும் கடல் கடந்து, வேற்று மொழிகளில் எழுதப்பட்டது. கைக்குழந்தையாகப் படகில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்த நாம் லே 2008இல் 'படகு' என்ற சிறுகதைத் தொகுதியைத் தந்தார். முதல் கதையிலேயே, தன் இனத்தின் துன்பத்தை எழுதினால் எளிதில் விலைபோகும் என்று நண்பர்கள் ஓர் இளம் எழுத்தாளனுக்கு யோசனை சொல்கிறார்கள். ஸ்கார்பரோவிலும் பாரிசிலும் இருந்து எழுதும் நம்மவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெளிவார்கள். நெளியட்டும்.

இன்றைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஙுயென் ஙோக் து. 1976இல் பிறந்தவர், மேக்கொங் டெல்டாவின் கடைக்கோடியான கா மாவ் ஊர்க்காரி. 2005இல் வந்த 'முடிவில்லா வயல்' என்ற நெடுங்கதையில், மனைவி விட்டுப்போன ஒருவன் இரண்டு பிள்ளைகளுடன் வாத்து மேய்த்தபடி வயல் வயலாக அலைகிறான். அறுவடை முடிந்த காவிரிப் படுகையில் வாத்துக் கிடை போடுபவர்களைப் பார்த்த தமிழருக்கு அந்தச் சேறும் சிந்திய நெல்லும் புதிதாக இராது. புதிதாக இருப்பது, கோபத்தை வீட்டுக்குள் வைத்துப் பிள்ளைகளின் மேல் இறக்கும் அந்தத் தகப்பன் மேல் கதை காட்டும் நிதானம். பிரசுரமான மறுவருடம் மாகாணக் கட்சிப் பிரசாரப் பிரிவு அவரைக் கண்டிக்க வேண்டும் என்றது, ஊரின் பெயரைக் கெடுத்துவிட்டாராம். நாட்டின் பல பக்கமிருந்தும் பத்திரிகைகளுக்கு வாசகர் ஆதரவு குவிந்தது. அதே 2006இல் எழுத்தாளர் சங்கப் பரிசும் கிடைத்தது.

காலி வீதிப் புத்தகக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து வரும் மொழிபெயர்ப்புகளுக்குக் குறைவில்லை. லத்தீன் அமெரிக்கா ஒரு தட்டை நிரப்பும், ஜப்பான் இன்னொன்றை. வியட்நாமியச் சிறுகதை எதுவானாலும் நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வரவேண்டும். அதில் கொஞ்சம் உதிரும், பரவாயில்லை. இங்குள்ள சஞ்சிகை ஏதாவது துணிந்தால் ஜெனரலிலிருந்து தொடங்கட்டும். நாய்களுக்கு வைத்த சாப்பாட்டை வெட்டாமல் போடட்டும். கண்டனக் கடிதம் வந்தால் அதையும் அடுத்த இதழில் போடட்டும்.