அசெம்பிள்டு கம்ப்யூட்டர்: ஒரு ரயில்வேக்காரனின் பார்வையில்

என் தங்கை மகள் இங்கே புனேயில் இன்ஜினீயரிங் சேர்ந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பட்டியலோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, இதெல்லாம் தனித்தனியா வாங்கி நாமே அசெம்பிள் பண்ணிடலாம்" என்றாள். வீட்டில் இருக்கும் என் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காத வயதினது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே புதிது வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. கையில் இருந்தது ஐம்பதாயிரம் ரூபாய், ஊரிலிருந்து தங்கை சீட்டு எடுத்து அனுப்பிய பணம். அதில் ஒரு சாமான் தவறினாலும் திருப்பிப் போட வேறு பணம் கிடையாது.

பட்டியலைப் பார்த்தேன். ப்ராஸசருக்கு எத்தனை கோர், எஸ்.எஸ்.டி. எத்தனை வேகம், கேபினெட்டில் எத்தனை வண்ண விளக்கு என்று எல்லாம் எழுதியிருந்தாள். பவர் சப்ளைக்கு எதிரே மட்டும், "கேபினெட்டோடு ஃப்ரீ" என்று இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தைச் சொல்கிறேன்.

1999-இல் நம் சங்க மலருக்காக, புனேக்கு முதலில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையைப் பெரியவர்கள் சிலரிடம் கேட்டு எழுதி வந்தேன். ஏறத்தாழ அறுபது பக்கம். அப்போது யூனிகோட் எல்லாம் நம் கைக்கு வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. தட்டுத் தடுமாறி இரவெல்லாம் அடித்தேன். என் கம்ப்யூட்டரும் அசெம்பிள் செய்ததுதான். பவர் சப்ளை கேபினெட்டோடு இலவசமாக வந்தது. ஒரு மழை இரவு தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் போனால் ஒரு வீட்டின் 230 வோல்ட் 400-ஐ நெருங்கலாம். நல்ல பவர் சப்ளையாக இருந்தால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். என்னுடையது தானும் செத்து, வெளியே போகும் 5 வோல்ட்டையும் எகிற விட்டு, ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போனது. பிளாப்பியில் நகல் எடுத்தது முதல் பன்னிரண்டு பக்கம் மட்டும். கைக்குறிப்புகளை, "அதான் டைப் பண்ணியாச்சே" என்று பழைய பேப்பரில் போட்டிருந்தோம். எனக்குக் கதை சொன்ன பெரியவர்களில் இருவர் அடுத்த வருடத்துக்குள் காலமாகிவிட்டார்கள். மலர் பன்னிரண்டு பக்கத்தோடு வந்தது.

அதனால்தான் எல்லோரும் ப்ராஸசரிலிருந்து பட்டியலைத் தொடங்க, நான் பவர் சப்ளையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை, எலெக்ட்ரிகல் டிப்ளமோக்காரன். ரயில் இன்ஜினை இழுக்கும் மோட்டாருக்கு இரண்டு ரேட்டிங் உண்டு. ஒரு மணி நேரம் தாங்குவது ஒன்று, நாள் முழுக்கத் தாங்குவது இன்னொன்று. முதலாவது எப்போதும் பெரிய எண். விற்கிறவன் அதைச் சொல்வான். ஓட்டுகிறவன் இரண்டாவதைக் கேட்க வேண்டும். பவர் சப்ளையிலும் இதே கதைதான். முகப்பில் "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர்? ஒரு மலிவுப் பெட்டியில் நான் பார்த்தது 16. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். மீதி எங்கே? 3.3 வோல்ட், 5 வோல்ட் கட்டங்களையும் கூட்டிக் கணக்கை நிரப்பியிருக்கிறார்கள். பழைய பென்டியம் காலத்தில் 5 வோல்ட்தான் அதிக வேலை செய்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது ப்ராஸசருக்கென்றே தனியாக ஒரு 12 வோல்ட் இணைப்பு வந்தது. இன்று ப்ராஸசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் தீனியை 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. நாம் வாங்கப்போகிற மெஷினுக்கு 192 வாட்டே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதும். ஆனால் லேபிளிலேயே பொய் சொல்கிறவர் உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

"80 ப்ளஸ்" என்ற முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் தொடங்கிய திட்டம் அது. 20, 50, 100 சதவீதச் சுமையில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் திறன் வேண்டும் என்பது அதன் அடிப்படை. திறனுக்குச் சான்றே தவிர, பாதுகாப்புக்குச் சான்று அல்ல. ஆனாலும் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்ற அளவில் எனக்கு ஆறுதல்.

இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மின்சாரம் போன கணத்திலிருந்து எத்தனை நேரம் பவர் சப்ளை தன் கையிருப்பில் தாக்குப்பிடிக்கும்? நல்லது 16, 17 மில்லி விநாடி நிற்கும். யு.பி.எஸ். அதற்குள் மாறிக்கொள்ளும். மலிவுப் பெட்டியில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரையே சின்னதாகப் போட்டிருப்பார்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழி யு.பி.எஸ். மேல் விழும்.

ப்ராஸசர் விஷயத்தில் அவளுக்கு என்னைவிட விவரம் அதிகம். ரைஸன் 5 5600ஜி என்று எழுதியிருந்தாள். ஆறு கோர், 65 வாட், 2021-இல் வந்தது. கடைசியில் உள்ள அந்த "ஜி" முக்கியம். வெறும் 5600-க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் "எஃப்" என்று முடிகிறவைக்கும் அப்படியே. நூறு, இருநூறு குறைகிறதே என்று எழுத்தை மாற்றி வாங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது.

ராம் 16 ஜி.பி. வேண்டும், ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கச் சொன்னேன். இரட்டைப் பாதையில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இதன் பலன் கண்கூடு. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில், பட்டியலில் அதிகம் உதைத்தது இதுதான். வண்ண விளக்குக் கேபினெட் அங்கேயே அடிபட்டது. எஸ்.எஸ்.டி.யில் 3,500 எம்.பி. வேகமா 5,000-மா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சுழலும் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு வருவதுதான் பாசஞ்சரிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு மாறுவது. அதற்குமேல் பாடம் படிக்கும் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மதர்போர்டில் ப்ராஸசர் பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பார்ப்பேன். 2000-க்குப் பின் சில வருடங்கள் உலகம் முழுக்க போர்டுகளில் கெப்பாசிட்டர் உப்பி வெடித்தது சிலருக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்த திரவத்தில் கோளாறு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் வாய்ப்பாடு. புனே குளுமையான ஊர் என்று பெயர்தான். ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிறது. எனவே இப்போது வரும் சாலிட் கெப்பாசிட்டரும், பக்கத்தில் ஒரு அலுமினிய வெப்பத்தகடும் உள்ள போர்டாகப் பார்த்து எடுத்தோம்.

சொல்லப்போனால், கடையில் கிடைக்கும் சிப்புகளைக் கூட்டி மெஷின் கட்டுவதில் இந்த ஊருக்குத் தனி உரிமையே உண்டு. அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது கேட்டபடி கிடைக்காமல், 1988-இல் இங்கே சி-டாக் தொடங்கினார்கள். விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 வந்தது. அதற்கென்று தனியாக ஒரு ப்ராஸசரைச் செய்யவில்லை. விலைக்குக் கிடைத்த டிரான்ஸ்ப்யூட்டர் சிப்புகளைப் பலவாக இணைத்தார்கள். நான் இதைச் சொன்னதும், "அப்போ அவங்க பவர் சப்ளை என்ன மாமா?" என்றாள். பெண் தேறிவிட்டாள்.

புத்வார் பேட்டையில் தப்கீர் கல்லிக்கும் அழைத்துப் போனேன். தப்கீர் என்றால் மராத்தியில் மூக்குப்பொடி. மூக்குப்பொடிச் சந்தில் இன்று ஒயரும் உதிரி எலெக்ட்ரானிக் சாமானும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவை நினைத்துக்கொள்ளலாம். ஒரு மல்டிமீட்டரும், கனமான மூன்று பின் பிளக்கும், எர்த் ஒயரும் வாங்கினேன். "காகா, வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு தடிமன்?" என்றார் கடைக்காரர். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று பல வீடுகளில் புகார் கேட்டிருக்கிறேன். பவர் சப்ளையின் வாயிலில் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் லைனையும் நியூட்ரலையும் உடம்போடு இணைக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் உடம்பு பாதி வோல்ட்டில், அதாவது 115-இல், மிதக்கும். கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை, சுவரில்தான். எங்கள் வீட்டில் அந்த பிளக்கில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 19 வோல்ட் காட்டியது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்துச் சரிசெய்தபின் ஒன்றரை.

அசெம்பிள் செய்தது முழுக்க அவள்தான்; நான் டார்ச் பிடித்தேன். கேபினெட்டில் பூட்டுமுன் மேஜையில் அட்டை மேல் வைத்தே ஓட்டச் சொன்னேன். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டோம். புதுச் சாமான் பழுதாகிற வழியிருந்தால் முதல் சில நாளிலேயே காட்டிவிடும். ஷெட்டில் ஓவர்ஹால் ஆன இன்ஜினை நேராக மெயிலில் மாட்ட மாட்டோம். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரையில் சிவப்புக் கோடு. ஒரு ராம் துண்டில் பிழை.

காலையில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "நல்லாத்தானே ஓடுது மாமா, இன்ஸ்டால் பண்ணிடலாமே." ஓடும்தான். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஃபைலில் ஒரு எழுத்து மாறும். எதனால் என்று யாருக்கும் தெரியாது. துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகித் தனித்தனியாக ஓட்டிக் காட்டினேன். பிழை ஒன்றையே தொடர்ந்து போனது. திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நான்காம் நாள்தான் என்பதால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் இரவு சுத்தமாகப் போனது. முழுச் சுமையில் 12 வோல்ட் லைன் 11.94 காட்டியது, 11.4 வரை விதி அனுமதிக்கிறது. உபுண்டு போட்டுக்கொண்டாள்.

சீட்டுப் பணத்தில் 1,340 ரூபாய் மீதி. என் கையிலிருந்து கொஞ்சம் சேர்த்து நகல் எடுக்க ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன். அதில் முதலில் ஏற்றியது அந்தப் பன்னிரண்டு பக்கத்தை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு அவளே மாற்றித் தந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் "ண", "ன" எல்லாம் இடம் மாறியிருக்கிறது. உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்.